சுவர் ஏறாத பல்லி

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் தவசுப்பிள்ளை முதலில் மனிதர்களைப் பார்க்கமாட்டார். கூரையைத்தான் பார்ப்பார். வாசலில் கால் கழுவும்போதே கழுத்து அண்ணாந்துவிடும். உத்தரம், கழிக்கோல், ஓட்டிடுக்கு, சுவரும் கூரையும் சேருகிற மூலை என்று கண் ஒரு சுற்றுப் போய் வந்த பிறகுதான் "எல்லாரும் சொகந்தானா?" என்று கேட்பார். துஷ்டி கேட்கப் போன வீட்டிலும் இதே கதை. செத்தவரைப் பார்ப்பதற்கு முன்னால் கூரை மோட்டைப் பார்த்தார் என்று அந்த வீட்டுக்காரர்கள் ரொம்ப நாள் அவரோடு பேசவில்லை.

எங்கள் நாஞ்சில் நாட்டில் கல்யாண விருந்துக்குச் சமைக்கிறவரைத் தவசுப்பிள்ளை என்போம். ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர். கல்யாணம் கட்டாதவர். நாற்பதைத் தாண்டியிருக்கும். அடுப்புச் சூட்டில் வெந்த முகம். ஒரு கண்ணைச் சுருக்கியே வைத்திருப்பார். அந்தச் சுருக்கின கண்ணால் பார்த்தால் நாம் எதையோ திருடிக்கொண்டு நிற்பதுபோல நமக்கே தோன்றிவிடும்.

அவ்வளவு சந்தேகம் அவருக்கு. தேங்காய் எண்ணெய் வந்தால் உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். பெருங்காயத்தை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். அரிசி அளந்து போட்டவனை நிற்கவைத்து மூட்டையின் அடியில் கைவிட்டுத் துழாவுவார். கல்யாண வீட்டில் யாராவது பெரிய மனுஷன் ஆக்குப்புரைக்கு, அதுதான் சமையல் பந்தலுக்கு, வந்து சாம்பார் மூடியைத் தூக்கிவிட்டால் போச்சு.

"என்ன போட்டேரு?"

"ஒண்ணும் போடல்லவே. மணம் பிடிச்சேன்."

"கையை விரியும்."

பெண்ணின் தாய்மாமனே அவர் முன்னால் கையை விரித்துக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். சமையல் அப்படி. அவருடைய எரிசேரிக்காகக் கோபத்தை விழுங்கினவர்கள் எங்கள் ஊரில் நிறைய.

இதற்கெல்லாம் மேலே ஒரு சந்தேகம் உண்டு. பல்லி. அடுப்பிலிருந்து இறக்கிய உருளிகளை வரிசையாக வைத்து, வாழையிலை போட்டு மூடி, அதற்கும் மேலே நான்கு கம்பு நட்டு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டுவார். சாமிக்கு மேற்கட்டி கட்டுகிறாரா என்று பையன்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். "கீழ உள்ளதை நாம பாத்துக்கிடலாம். மேலருந்து வாறதை ஆரு பாக்கது?" என்பார்.

அது எங்கிருந்து வந்த பயம் என்று என் அப்பாவுக்குத் தெரியும். வாலிபத்தில் தவசுப்பிள்ளை முதன்முதலாகத் தனியாக ஏற்றுக்கொண்ட விருந்தில் புளிசேரிக்குள் பல்லி விழுந்துவிட்டது. பந்தியில் ஒருத்தர் இலையில் அது வந்தது. அத்தனை சோறும் குழிவெட்டி மூடப்பட்டது. அவமானம் தாங்காமல் ஊரை விட்டுப் போய்ப் பட்டாளத்தில் சமையல்காரராகச் சேர்ந்தார். யுத்தத்தில் அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்த சமயத்தில் திரும்பினார். தோளில் ஒரு பட்டாளத்துப் பை, கையில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பிஸ்கட் டின். டின்னின் மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள் இருந்தன.

டின்னுக்குள்ளே பல்லிகள் இருந்தன.

பல்லிக்குப் பயந்து ஊரை விட்டுப் போனவர் பல்லியோடு திரும்பி வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கு வந்தது. எனக்கு அப்போது கல்யாண வயது. பிறவியிலேயே என் புத்தி அப்படி. பால்காரி சிரித்தால் பாலில் தண்ணீர் என்று நினைக்கிறவள் நான். ஒரு நாள் மண்சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டுவிட்டேன்.

"மாமா, அது எதுக்கு?"

"எது?"

"அந்த டின்னுல உள்ளது."

சுருக்கின கண்ணால் என்னை அளந்தார். "உங்க அம்மை கேக்கச் சொன்னாளா?"

"இல்ல. நானாத்தான் கேக்கேன்."

"அப்பம் வந்து பாரு."

அடுக்களை மூலையில், தகரம் அடித்த பழைய மரப்பெட்டி ஒன்றில் மணல் பரப்பி வைத்திருந்தார். மேலே கொசுவலைத் துணி. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மணலின் ஒரு துண்டு எழுந்து நின்றது. விரல் நீளம்தான். மணல் நிறம், மேலே வெள்ளைப் புள்ளிகள். குச்சிக் கால்களை ஊன்றி வயிறு மண்ணில் படாமல் நடந்தது. உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண். இமை கிடையாது, நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொண்டது. ஒன்றைப் புரட்டிக் காட்டினார். வயிற்றுத் தோலுக்குள் இரண்டு முட்டை வெளிறித் தெரிந்தன. நான் ஓரடி பின்னால் போனேன்.

அவர் அதை ஒரு வெண்கல உருளிக்குள் விட்டார். அது உருளியின் பக்கத்தில் காலை வைத்து ஏறப் பார்த்தது, வழுக்கி விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது.

"பாத்தியா? இதுக்கு ஏறத் தெரியாது. காலுல ஒட்டுகது கெடையாது. அந்த நாட்டுல பல்லி தரையிலதான் கெடக்கும் மக்களே. கூடாரத்துல நான் சமைச்ச நாளெல்லாம் ஒருக்காகூட மேல பாத்தது இல்ல."

அதைச் சொல்லும்போது அந்தச் சுருக்கின கண் விரிந்தது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. உலகத்தில் அவர் நம்பிய ஒரே ஜீவன் அதுதான் போலிருக்கிறது. எனக்கு அவர்மேல் ஒரு பிரியம் வந்தது. ஆனாலும் அங்கே வைத்திருந்த காப்பியை அவர் நீட்டியபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பிராணிகளை வளர்ப்பது சாதாரண வேலை இல்லை. எங்கள் ஊர் வருஷத்தில் இரண்டு மழை பார்க்கிற ஊர். சுவரெல்லாம் ஓதம். மணல் ஈரமானால் பல்லியின் விரல்கள் வெந்ததுபோல ஆகிச் செத்துவிடும் என்றார். அதற்காக வட்டக்கோட்டைக் கடற்கரையிலிருந்து மணல் கொண்டுவருவார். உப்புப் போகக் கழுவி, வெயிலில் உலர்த்தி, ரவை அரிக்கிற அரிப்பில் அரித்து, உருளியில் போட்டு வறுப்பார். உப்புமாவுக்கு ரவை வறுக்கிற அதே பதம். அடிபிடிக்காமல் கிண்டி, இறக்கி, ஆறவைத்துப் பெட்டியில் கொட்டுவார். ஒரு மூலையில் மட்டும் ஈரமான ஓட்டுச்சில் ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். தோல் உரிக்க அதற்கடியில் போகும், உரித்த தோலைத் தானே தின்றுவிடும். சாப்பாடு கறையானும் வெட்டுக்கிளிக் குஞ்சும். விரலைத் தண்ணீரில் முக்கி ஒரு கல்லில் சொட்டுவிட்டால் வந்து நக்கும். தொந்தரவு பண்ணினால் ஒரு சத்தம் போடும். வீட்டுப் பல்லியின் சத்தம் இல்லை; மெல்லிசு. நனைந்த பித்தளைத் தட்டில் விரலைத் தேய்ப்பதுபோல இருக்கும்.

இந்த மணல் வறுப்புத்தான் அவருக்கு வினையாக முடிந்தது. எங்களுக்குக் கிழக்கு வீட்டு மைனி ஒரு நாள் அவர் வீட்டுப் பின்கதவு வழியாகப் பார்த்துவிட்டாள். பெட்டி காலியாகக் கிடக்கிறது. பல்லி ஒன்றையும் காணோம். அடுப்பில் உருளி. அவர் குனிந்து எதையோ வறுத்துக்கொண்டிருக்கிறார். பல்லிகளை அவர் பக்கத்தில் ஒரு பானைக்குள் மாற்றி வைத்திருந்தது அவள் கண்ணில் படவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

கைவிஷம் என்று ஒரு பயம் எங்களிடம் உண்டு. சோற்றிலோ பாயசத்திலோ தெரியாமல் கலந்து கொடுத்துவிட்டால், தின்றவன் கொடுத்தவள் சொல்கிறபடி ஆடுவானாம். பல்லியை வறுத்துப் பொடித்து அதில் சேர்ப்பார்கள் என்று பேச்சு. "தவசுப்பிள்ளை கைவிஷம் செய்யுகாராக்கும். எங்கண்ணால பாத்தேன்" என்று மைனி கிணற்றடியில் வைத்துச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அது ஊரைச் சுற்றி வந்தது. மேலத்தெருவில் ஒருத்தன் தவசுப்பிள்ளை சமைத்த விருந்தைச் சாப்பிட்ட மறுவாரமே பெண்டாட்டிக்குத் தண்ணீர் கோரிக் கொடுத்தானாம். அதுதான் சாட்சி. அவள் நிறைமாசக் கர்ப்பிணி என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

நான் அதை நம்பினேனா என்றால், நம்பவில்லை. நம்பாமலும் இல்லை. பெட்டியில் பல்லிகள் குறைந்துகொண்டே வந்தன. மழையில் செத்துப்போச்சு என்பார் அவர். செத்ததை எங்கே போட்டார், நான் பார்த்ததில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் அக்காவின் கல்யாணம் வந்தது.

அக்காவுக்கு அதற்கு முன்னால் ஒரு சம்பந்தம் கூடிவந்து கலைந்துபோயிருந்தது. பேச்சு முடிந்து வெற்றிலையை எடுக்கப்போன நேரத்தில் தெற்குச் சுவரில், ஆகாத திக்கில், ஒரு பல்லி சொன்னது. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு வந்து கேட்க ஆளில்லாமல் வருஷங்கள் ஓடிவிட்டன. அக்கா அடுக்களையை விட்டு வெளியே வருவதையே குறைத்துக்கொண்டாள். இப்போது தக்கலைப் பக்கத்திலிருந்து கேட்டு வந்திருந்தார்கள். இதுவும் நின்றால் அவளுக்கு இனி ஒன்றும் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் அந்த வீட்டில் எல்லாம். அவர் காதுக்கும் பேச்சு எட்டிவிட்டது. நேரில் வந்து அப்பாவிடம் சொன்னார்:

"சம்மந்தி, பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அந்தப் பல்லி வளக்கவன் சமைச்சா நாங்க எலையில இருக்கமாட்டோம். பயலுக்குக் கைவிஷம் குடுத்துக் கூட்டிட்டுப் போனாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரப்படாது."

அப்பா சமையலுக்குத் தவசுப்பிள்ளையிடம் ஏற்கெனவே வெற்றிலை பாக்கு கொடுத்துவிட்டார். அப்பா வேறு மாதிரி மனுஷர். "ஒருக்கா சட்டியில பல்லி விழுந்தவன் இன்னொருக்கா விழவிடமாட்டான்" என்று எல்லோரிடமும் சொல்வார். ஆனால் மகள் காரியம். மண்சுவரண்டை போய் நின்று, "வே, அதுகளை எங்கயாம் கொண்டு விட்டிரும். நீரு சமைக்கணும். எனக்கு வேற ஆளு வேண்டாம்" என்றார். தவசுப்பிள்ளை தன் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "செரி. என் வீட்ல இருக்காது" என்றார். இரண்டு நாளில் அவர் அடுக்களை மூலை காலியாகிவிட்டது. மைனியே எட்டிப் பார்த்து ஊருக்குச் சாட்சி சொன்னாள்.

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், ஊர்ப்பெண்கள் எல்லாம் காய் நறுக்க உட்கார்ந்திருக்க, நான் கலவறைக்குள் போனேன். எங்கள் அடுக்களைக்கும், பட்டாசாலை என்கிற கூடத்துக்கும் நடுவில் இருக்கிற சின்ன அறை. விருந்துக்கு வாங்கிய சாமான்களை அதில்தான் அடுக்கியிருந்தோம். சர்க்கரை, பருப்பு, நெய்க்குடம், ஏலக்காய்ப் பொட்டலம். நெய்க்குடத்துக்குப் பின்னால், அடுப்புச் சூடு ஏறுகிற சுவரோடு ஒட்டி, கயிறு போட்டுக் கட்டிய ஒரு பிஸ்கட் டின் இருந்தது. மூடியில் ஆணி ஓட்டைகள்.

அவிழ்த்துப் பார்த்தேன். மணலில் மிஞ்சியிருந்த பல்லிகள் பெரிய கண்ணால் என்னைப் பார்த்தன. ஒன்று அந்த மெல்லிசுச் சத்தத்தைப் போட்டது. திரும்பினால் கதவில் அவர் நிற்கிறார்.

"அப்பாட்ட சொல்லப்போறேன்" என்றேன்.

"சொல்லு. கல்யாணம் நிக்கும்."

"எதுக்கு மாமா இங்க கொண்டாந்திய? எங்க அக்காவுக்க கல்யாணச் சோத்துல என்ன போடப்போறிய?"

அவர் கண்ணைச் சுருக்கவில்லை. அடி வாங்கினவர்போல நின்றார். "வெளிய விட்டா இந்த மழையில அரை நாள் தாங்காது. வீட்ல வச்சா மைனி வந்து வென்னி ஊத்திப்போடுவா. ஆரு கையில குடுக்க? நான் ஆரையும் நம்பமாட்டேன், உனக்குத் தெரியும்லா. இங்க சூடு உண்டு. என் கண்ணும் உண்டு."

"நான் உங்களை நம்பமாட்டேன்."

"நம்பாண்டாம்" என்றார். "சாவியை நீ வச்சுக்க. நான் எது எடுக்கணும்னாலும் உன்னக் கூட்டிக்கிட்டு வாறேன். கையை விரிச்சுக் காட்டுகேன்."

அப்படித்தான் நடந்தது. டின்னை நானே கட்டினேன், என் கையால் முடிச்சுப் போட்டேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏலக்காய் வேண்டுமென்றால் வந்து நிற்பார். நான் திறப்பேன். எடுப்பார். போகும்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். ஊரையே கை விரிக்கவைத்த மனுஷர் என் முன்னால் விரித்தார். விடிய விடிய ஆக்குப்புரையில் அவர் பக்கத்திலேயே நின்றேன். பிரதமன் பாயசத்தில் சர்க்கரை விழுவதையும், தேங்காய்ப்பால் விழுவதையும், சுக்கு விழுவதையும் பார்த்தேன். வேறொன்றும் விழவில்லை. அதை என்னைவிட உறுதியாகச் சொல்ல இன்று உயிரோடு யாரும் இல்லை. அக்கா கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. மேளம் கொட்டியபோது நான் கலவறைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தேன். அது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

பந்தலில் ஒழுகியதால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களின் பந்தியைப் பட்டாசாலையிலேயே போட்டார்கள். கலவறைக் கதவுக்கு நேர் எதிரே. எல்லாம் பரிமாறியாயிற்று. தாய்மாமன் இலையில் கை வைக்கவில்லை. அவர் வைக்காததால் மாப்பிள்ளையும் வைக்கவில்லை, பந்தி முழுக்க வைக்கவில்லை. மணமாலையோடு மாப்பிள்ளை பக்கத்தில் இருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சம்மந்தி, அந்தப் பல்லிகளை ஒழிச்சாச்சா?" என்றார் தாய்மாமன்.

"ஒழிச்சாச்சு" என்றார் அப்பா, பாவம்.

"நீங்க சொன்னாப் போராது. தவசுப்பிள்ளை வந்து எல்லாரு முன்னயும் சொல்லட்டு. இந்தச் சோத்துல ஒண்ணும் கலக்கல்லன்னு சொல்லட்டு. இல்லைன்னா பயலைக் கூட்டிட்டு நாங்க இப்பமே எந்திரிக்கோம்."

தவசுப்பிள்ளை கலவறைக் கதவண்டை வந்து நின்றார். கையில் பிரதமன் வாளி. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். என் இடுப்பில் சாவி. என் முதுகுக்குப் பின்னால், மூடின கதவுக்கு அந்தப் பக்கம், டின். ஒரு வார்த்தை நான் வாய் திறந்தால் அக்காவின் வாழ்க்கை அந்த இடத்திலேயே முடிந்தது. அவர் பொய் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"என் வீட்ல இப்பம் ஒரு பல்லி கெடையாது" என்றார். "இந்தச் சாப்பாட்டுல விழவேண்டியது தவிர ஒரு தூசி விழல்ல. சாமான் எடுக்கப் போன நேரம் போக நான் அடுப்பை விட்டு மாறல்ல."

பட்டாசாலை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில், சொல்லி வைத்ததுபோல, பல்லி சொன்னது.

மெல்லிசாக, நனைந்த தட்டில் விரலைத் தேய்த்ததுபோல.

நான் கதவில் முதுகை அழுத்திக்கொண்டேன். பந்தியிலிருந்த அத்தனை பேரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். தாய்மாமனும் பார்த்தார். உத்தரத்தில் தேடினார், ஓட்டிடுக்கில் தேடினார். பிறகு முகம் மலர்ந்து, இடது கை விரலை மடக்கி இலைக்குப் பக்கத்தில் தரையைத் தட்டினார். சத்தியம் என்று பல்லி சொன்னால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் தட்டுவோம். "சொல்லிட்டுல்லா. வடக்க சொல்லிட்டு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். பந்தி முழுக்கத் தரையைத் தட்டினது. மாப்பிள்ளையும் தட்டினார். அக்கா தலையை நிமிர்த்தி முதல் உருண்டையை எடுத்தாள்.

எல்லோரும் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்நாளெல்லாம் மேலே பார்த்தே நடந்த அந்த மனுஷர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு தாய்மாமனிடம் போய்க் குனிந்து, "பிரதமன் விடட்டா?" என்று கேட்டார்.

"தாராளமா விடும்" என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டே.